பெப்பர்னா மிளகா, மிளகாயா? பழவேற்காடு சொல்லும் கதை

1/ வீட்டிலேயே சிக்கன் பெப்பர் ஃபஜிட்டா செய்யலாம்னு ரெசிபி தேடுறீங்க. 'பெப்பர் மூணு'ன்னு போட்டிருக்கு. மூணே மூணு மிளகு போட்டு என்ன ஆகப்போகுது? அது மிளகு இல்லைங்க, குடமிளகாய். ஒரே சொல்லுக்கு ஏன் ரெண்டு பொருள்? இந்தக் குழப்பத்துக்கு வயசு ஐந்நூறுக்கு மேல. அந்த மிளகைத் தேடி வந்தவங்க நம்ம கரையில ஒரு கோட்டையே கட்டினாங்க. நீளமான இழை. கடைசியில செய்முறையும் இருக்கு.

2/ முதல்ல இடம். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர், பொன்னேரி தாண்டினா பழவேற்காடு. சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில், தென்கோடி நம்ம திருவள்ளூர் மாவட்டத்தில். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு. முகத்துவாரத்தைச் சுற்றி கோட்டைக்குப்பம், கூனங்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் என்று மீனவ ஊர்கள்.

3/ இங்க கிடைக்கிறது மீன், இறால், நண்டு. மிளகு கிடையாது. மணலும் உப்புத் தண்ணியுமா இருக்கிற ஊர்ல மிளகுக்கொடி எங்க ஏறும்? ஆனாலும் 1613ல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி முடித்ததற்கு அடிப்படைக் காரணம் மிளகும் மற்ற வாசனைச் சரக்குகளும்தான். விளையாத ஊர்ல எதுக்குக் கோட்டை? இந்த முடிச்சை அவிழ்க்கணும்னா முதல்ல அமெரிக்கா போய்ட்டு வரணும்.

4/ பதினைந்தாம் நூற்றாண்டில் மிளகு நம்ம மேற்குக் கரையில் விளைந்து, அரபு வணிகர், எகிப்து, வெனிஸ் என்று கை மாறி ஐரோப்பாவுக்குப் போச்சு. ஒவ்வொரு கையிலும் விலை ஏறும். இடையில இருக்கிறவங்களை விட்டுட்டு நேரா இந்தியாவுக்குப் போனா லாபம் முழுக்க நமக்கேன்னு நினைச்சுக் கிளம்பினவர்தான் கொலம்பஸ். 1492ல் அவர் போய்ச் சேர்ந்தது கரீபியன் தீவுகள்.

5/ அங்க மிளகு இல்ல. ஆனா உள்ளூர் மக்கள் 'அஹி' என்று ஒரு காயைச் சாப்பிட்டார்கள். நாக்கு எரியுது. 1493 ஜனவரியில் கொலம்பஸ் தன் குறிப்பேட்டில் அதை அந்த மக்களின் மிளகு என்றே எழுதிக்கொண்டார். மிளகைத் தேடி வந்தவர் கையில் கிடைத்தது மிளகாய். ஐரோப்பிய மொழிகளில் மிளகின் பெயரையே அதுக்கும் வச்சாங்க. உங்க ரெசிபியில இருக்கிற 'பெப்பர்' குழப்பம் தொடங்கின இடம் இதுதான்.

6/ ஒரு டாக்டரா எனக்குப் பிடிச்ச பகுதி இனிமே. கொலம்பஸின் இரண்டாவது பயணத்தில் கூடப் போன மருத்துவர் தியேகோ ஆல்வாரெஸ் சாங்கா. அவர் 1494ல் செவில் நகரத்துக்கு எழுதிய கடிதத்தில், அந்த மக்கள் மீனையும், பிடிக்க முடிந்த பறவைகளையும் இந்த 'அஹி' சேர்த்துத்தான் சாப்பிடுகிறார்கள் என்று குறிப்பிடுகிறார். மீனுக்கும் பறவைக்கறிக்கும் மிளகாய். ஐந்நூறு வருஷத்துக்கு முந்தின சிக்கன் பெப்பர்னு வச்சுக்கலாம்.

7/ அடுத்த டாக்டர் ஜெர்மனியில். லியோன்ஹார்ட் ஃபுக்ஸ், டியூபிங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியர். 1542ல் அவர் வெளியிட்ட மூலிகை நூலில் மிளகாய்ச் செடியின் அழகான படம் இருக்கு. பெயர் என்ன தெரியுமா? 'காலிகட் மிளகு'. அதாவது நம்ம கோழிக்கோடு. செடி அமெரிக்காவிலிருந்து வந்து அம்பது வருஷம்தான் ஆச்சு, அதுக்குள்ள அதை இந்தியச் செடின்னே நம்பிட்டார். போர்ச்சுகீசியர் கப்பல்களில் மிளகாய் அவ்வளவு வேகமா உலகம் சுத்தியிருக்கு.

8/ மூன்றாமவர் லயனல் வேஃபர், கடற்கொள்ளையர் கப்பலில் அறுவை மருத்துவர். பனாமாவில் பழங்குடி மக்களோடு தங்கியிருந்தவர். 1699ல் வந்த தன் புத்தகத்தில் அங்கே இரண்டு வகை மிளகாய் உண்டு என்றார்: ஒன்று மணி மிளகாய், இன்னொன்று பறவை மிளகாய். மணி மாதிரி இருக்கிறதால மணி மிளகாய். குடம் மாதிரி இருக்கிறதால நமக்குக் குடமிளகாய்.

9/ இப்ப தமிழுக்கு வாங்க. மிளகு + காய் = மிளகாய். கொலம்பஸைப் பார்த்துக் காப்பியடிக்காமலே நம்ம ஆட்களும் அதே பெயரைத்தான் வச்சாங்க. தாவரவியல்படி மிளகுக்கும் மிளகாய்க்கும் எந்த உறவும் இல்ல. மிளகு கொடி, வெற்றிலைக்குச் சொந்தம். மிளகாய் செடி, கத்திரிக்காய்க்கும் தக்காளிக்கும் சொந்தம். அப்போ கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஏன் ஒரே பெயர்?

10/ பதில் நம்ம நரம்பில் இருக்கு. காரம் என்பது சுவையே இல்லைங்க, ஒரு வகை வலி. சூட்டை உணர்கிற நரம்பு முனைகளில் ஒரு புரதக் கதவு இருக்கு. மிளகாயின் கேப்சைசின் அதைத் திறந்துவிடும். மூளைக்கு 'சுட்டுடுச்சு'ன்னு தகவல் போகும். இதை 1997ல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021ல் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. மிளகின் பைப்பரினும் இதே கதவைத்தான் தட்டுது. செடி வேற வேற, கதவு ஒண்ணு. பெயர் வச்சது நாக்கு. நாக்கைப் பொறுத்தவரை பெயர் சரிதான்.

11/ ஒரு கொசுறு: பறவைகளுக்கு அந்தக் கதவு கேப்சைசினுக்குத் திறக்காது. கோழி மிளகாயைக் கொத்தித் தின்னாலும் அதுக்குக் காரம் தெரியாது. காட்டு மிளகாயின் விதையைத் தூரமாக் கொண்டுபோய்ப் போடுறது பறவைகள்தான். வேஃபர் காலத்திலேயே 'பறவை மிளகாய்'னு பெயர் இருந்தது சும்மா இல்ல. குடமிளகாயில் கேப்சைசினை உண்டாக்கும் மரபணு வேலை செய்யாது. அதனாலதான் அது நம்மையும் எரிக்காது.

12/ சரி, கோட்டைக்கு வருவோம். 1600களின் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் மிளகுக்கும் ஜாதிக்காய்க்கும் கிராம்புக்கும் இந்தோனேசியத் தீவுகளுக்குப் போனார்கள். அங்க ஒரு சிக்கல். ஐரோப்பாவிலிருந்து கொண்டுபோன சரக்கு அந்த மக்களுக்கு வேண்டாம். அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு: சோழமண்டலக் கரையின் துணி. சாயவேரில் சிவப்பேற்றி, கை ஓவியம் தீட்டி, கட்டம் போட்டு நெய்த பருத்தித் துணி. பல தலைமுறையா அவங்க உடுத்தினது அது.

13/ துணி இருந்தால்தான் மிளகு. அந்தத் துணி கிடைக்கிற துறைமுகங்களில் முக்கியமானது பழவேற்காடு. 1610ல் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரிடம் அனுமதி வாங்கி டச்சுக்காரர்கள் பண்டகசாலை போட்டார்கள். 1612ல் போர்ச்சுகீசியர் வந்து தாக்கினார்கள். அதற்கப்புறம் எழுந்ததுதான் கோட்டை. அதே 1612ல் ஹென்ட்ரிக் பிரௌவர் என்ற டச்சு அதிகாரி, இந்தக் கரையை மலுக்குத் தீவுகளின் இடது கை என்றே எழுதினார்.

14/ மிளகே விளையாத ஊர்ல மிளகுக்குக் கோட்டை வந்த கதை இதுதான். அடுப்பில் எரியாத விறகு மாதிரி, சமையலில் பழவேற்காட்டின் பெயர் எங்கயும் வராது. ஆனா துணியில் இருக்கு. இன்னைக்கும் மலேசியாவில் கட்டம் போட்ட கைலியை 'காயின் பெலிகாட்' என்பார்கள். காயின் என்றால் துணி. பெலிகாட்? நம்ம பழவேற்காடு, புலிகாட்.

15/ இந்த வியாபாரத்தின் இன்னொரு சரக்கைச் சொல்லாம விட முடியாது. மனிதர்கள். பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் போரும் பஞ்சமும் வந்தபோதெல்லாம் டச்சுக் கம்பெனி ஆட்களை வாங்கியது. சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில். பசி தாங்காம பெத்தவங்களே பிள்ளைகளை வித்த செய்தி அவர்களின் சொந்த ஆவணங்களிலேயே இருக்கு. பழவேற்காடு அந்த ஏற்றுமதித் துறைமுகங்களில் ஒன்று. போன இடம் பட்டாவியா (இன்றைய ஜகார்த்தா), இலங்கை, வாசனைத் தீவுகள்.

16/ அங்க என்ன வேலை? 1621ல் டச்சு ஆளுநர் யான் பீட்டர்சூன் கூன் ஜாதிக்காய் விளையும் பாண்டா தீவுகளைப் பிடித்தார். அங்கிருந்த மக்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள், பட்டினியில் செத்தார்கள், அல்லது அடிமைகளாக்கிக் கொண்டுபோகப்பட்டார்கள். ஆளில்லாமப் போன தோட்டங்களுக்குப் பல கரைகளிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒரு சரக்கு ஒருத்தன் கையில மட்டும் இருக்கணும்னா அதுக்குத் தர்ற விலை இது.

17/ இப்ப மிளகாயைப் பாருங்க. மிளகுக்கொடிக்கு மழை, நிழல், தாங்கு மரம் வேணும்; காய்க்க மூணு வருஷமாவது ஆகும். மிளகாய்க்கு ஒரு உடைஞ்ச பானையும் கைப்பிடி மண்ணும் போதும். சில மாசத்தில் காய்க்கும். ஒரு பழத்தில் பத்துத் தெருவுக்கு விதை. இதை எந்தக் கம்பெனி பூட்டி வைக்கும்? மிளகுக்குக் கோட்டை தேவைப்பட்டது. மிளகாய்க்கு மடியில் முடிஞ்ச விதை போதுமாயிருந்தது.

18/ அதனாலதான் அது ஏழைகளின் மிளகாச்சு. இன்னைக்குக் குப்பத்து வீடுகள்ல கொதிக்கிற மீன் குழம்பை நினைச்சுப் பாருங்க. சிவப்பு நிறம் மிளகாய்த்தூள். சட்டியில் விழுற தக்காளியும் அமெரிக்கக்காரர்தான். இதெல்லாம் இல்லாத மீன் குழம்பை இன்னைக்கு யாராவது ஏத்துப்பாங்களா? கோட்டை கட்டினவங்க தேடின பொருளை விட, யாரும் தேடாம வந்த பொருள் நம்ம அடுப்பில் நிலைச்சுப்போச்சு.

19/ மருத்துவத்தில் இதுக்கு ஒரு கசப்பான பின்குறிப்பு உண்டு. அந்தக் காலக் கப்பல் பயணங்களில் மாலுமிகளைக் கொன்ற பெரிய நோய்களில் ஒன்று ஸ்கர்வி. ஈறு வீங்கி ரத்தம் கசியும், பல் ஆடும், ஆறின புண் திரும்பத் திறக்கும். காரணம் வைட்டமின் சி குறைபாடு; அது இல்லாம உடம்பு கொலாஜன் என்ற இணைப்புப் புரதத்தைச் சரியாக் கட்ட முடியாது. 1747ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்து நோயாளிகளைத் தேற்றினார்.

20/ வைட்டமின் சி-யை அடையாளம் கண்ட ஹங்கேரி ஆய்வாளர் ஆல்பர்ட் சென்ட்-ஜியோர்ஜி, அவரும் மருத்துவம் படித்தவர். ஆய்வுக்குப் போதுமான அளவு கிடைக்காம தவிச்சார். ஒரு ராத்திரி மனைவி பாப்ரிகா மிளகாயைச் சாப்பாட்டுக்குக் கொடுக்க, அதைச் சாப்பிட மனசில்லாம ஆய்வகத்துக்கு எடுத்துட்டுப் போனதாக அவரே சொல்லியிருக்கார். சோதிச்சுப் பார்த்தா அதில் வைட்டமின் சி கொட்டிக் கிடக்கு. 1937ல் நோபல். மிளகைத் தேடிப் போற வழியில் ஈறு அழுகிச் செத்தாங்க. மருந்து 'மிளகு'ன்னு பெயர் வாங்கின அந்தக் காய்க்குள்ளயே இருந்தது.

21/ 100 கிராம் பச்சைக் குடமிளகாயில் சுமார் 80 மில்லிகிராம் வைட்டமின் சி. பழுத்த சிவப்பில் இன்னும் அதிகம். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையானது ஏறத்தாழ அவ்வளவுதான். கீரை, பருப்பில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்சவும் இது உதவும். ரத்தசோகை இருக்கிறவங்க கவனிங்க. ஆனா சூடு பட்டா குறையும். நேரம் கூடக்கூட அதிகமாக் குறையும். செய்முறையில இதை மறக்காதீங்க.

22/ இப்ப ஃபஜிட்டா. ஸ்பானிய மொழியில் 'ஃபாஹா' என்றால் இடுப்புப்பட்டை. ஃபஜிட்டா என்றால் சின்னப் பட்டை. சரியான உச்சரிப்பு 'ஃபஹீத்தா'. மாட்டின் உதரவிதானத் தசைக்கு அந்தப் பெயர். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவுல, மூச்சு விட உழைக்கிற தசை. நாள் முழுக்க வேலை செய்யற தசை என்பதால் முரடு, நார் அதிகம். அப்ப யாருக்கும் வேண்டாத கறி.

23/ 1930களில் டெக்சாஸின் தென்கோடியில், ரியோ கிராண்டே ஆற்றங்கரைப் பண்ணைகளில் மாடு அடிக்கும்போது தோல், தலை, குடல், இந்தத் தசை எல்லாம் மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்களுக்குக் கூலியின் ஒரு பகுதியாகப் போகும். அவங்க அதை எலுமிச்சைச் சாற்றில் ஊற வச்சு, தீயில் வாட்டி, மெல்லிசா நறுக்கி, ரொட்டியில் சுருட்டிச் சாப்பிட்டாங்க. அதுதான் ஃபஜிட்டா. கோழிக்கு அப்படி ஒரு பட்டைத் தசையே சமையலில் கிடையாது. 'சிக்கன் ஃபஜிட்டா' என்பதும் பெயர் மாறிப்போன இன்னொரு பொருள்!

24/ 1969ல் சன்னி ஃபால்கன் என்ற கறிக்கடைக்காரர் டெக்சாஸில் கைல் என்ற ஊரில் இதைத் தெருக்கடை போட்டு விற்றார். 1980களில் நட்சத்திர ஹோட்டல்கள் சூடான இரும்புத் தட்டில் புகை பறக்க வச்சுக் கொடுத்தன. விலை ஏறிடுச்சு. கூலியாக் கொடுத்த கறி, கூலிக்காரர் வாங்க யோசிக்கிற கறியாயிடுச்சு.

25/ பழவேற்காட்டு ஆட்களுக்கு இது புதுசா இருக்காது. ஏரியில் பிடிக்கிற பெரிய சேற்று நண்டு கொடுக்கு கட்டி உயிரோட வெளிநாடு போகும். பெரிய இறாலும் அப்படியே. வீட்டுச் சட்டிக்கு வர்றது பொடி மீன். கழுத்தளவு தண்ணியில் குனிஞ்சு, கையாலேயே தடவி இறால் பிடிக்கிற இருளர் பெண்கள் இருக்காங்க. அந்த இறால் எந்த ஊர்த் தட்டில் விழுதுன்னு அவங்களுக்குத் தெரியாது.

26/ இன்னொரு விஷயமும் இங்க இருக்கு: பாடு முறை. ஏரியில் இறால் கிடைக்கிற இடங்களை இன்னார் இன்ன நாள் என்று முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் பழைய ஏற்பாடு. ஒருத்தரே எல்லாத்தையும் அள்ளிட முடியாது. முறைக்குள் வராத சமூகங்களுக்குப் பங்கில்லை என்ற குறை அதிலும் உண்டு. ஆனாலும் கோட்டை கட்டிப் பூட்டி வைக்கிற யோசனைக்கு நேர் எதிரான யோசனை அது. இன்னைக்கு அந்த ஏரியின் வாயே மணல் மூடி மூடித் தவிக்குது. முகத்துவாரம் அடைஞ்சா கடல் தண்ணி வராது, இறால் குஞ்சும் வராது. பகிர்ந்துக்க ஏதாவது இருந்தால்தானே முறை?

27/ செய்முறை, நாலு பேருக்கு. எலும்பில்லாத கோழித் தொடைக்கறி அரை கிலோ. கழுவ வேணாம், பச்சைக்கறி கழுவின தண்ணி தெறிச்சு கிருமி சமையலறை முழுக்கப் பரவும். விரல் அகலத்துக்கு நீளமா நறுக்குங்க. ரெண்டு எலுமிச்சைச் சாறு, நசுக்கின பூண்டு ஆறு பல், வறுத்துப் பொடிச்ச சீரகம் ஒண்ணரை டீஸ்பூன், மிளகாய்த்தூள் ஒரு டீஸ்பூன், உப்பு முக்கால் டீஸ்பூன், எண்ணெய் ரெண்டு ஸ்பூன். ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் போதும். ராத்திரி முழுக்கப் புளிப்பில் ஊறினா கறி மாவா ஆயிடும்.

28/ மூணு நிறக் குடமிளகாய் ஒவ்வொண்ணு, பெரிய வெங்காயம் ரெண்டு, நீளவாக்கில். இரும்புத் தோசைக்கல்லை நல்லாக் காய விடுங்க. கறியை ரெண்டு தடவையாப் பிரிச்சுப் போடுங்க; மொத்தமாக் கொட்டினா தண்ணி விட்டு வெந்துபோகும், வாடாது. உள்ளே இளஞ்சிவப்பு தெரியக் கூடாது. தெர்மாமீட்டர் இருந்தா 74 டிகிரி. எடுத்து வச்சிட்டு அதே கல்லில் வெங்காயம், பிறகு குடமிளகாய். பெரிய தீ, மூணு நிமிஷம், கடிச்சா நறுக்குன்னு இருக்கணும். வைட்டமினும் மிஞ்சும். கறியைச் சேர்த்துப் புரட்டி இறக்குங்க. சப்பாத்தியில் சுருட்டுங்க.

29/ கடையில் விக்கிற ஃபஜிட்டா மசாலாப் பாக்கெட் வேணாம். பெரும்பாலும் உப்பு அதிகம். பிரஷர் இருக்கிறவங்க கட்டாயம் தவிருங்க. கோழிக்குப் பதிலா இறால் போட்டா ஊற வைக்கப் பத்து நிமிஷம், வேக மூணு நிமிஷம்.

30/ தட்டைப் பார்த்து ஒரு கணக்கு போடுங்க. கோழி ஆசியாவின் காட்டுக்கோழி வம்சம். எலுமிச்சை ஆசியா. வெங்காயம், பூண்டு மத்திய ஆசியா. சீரகம் மேற்கு ஆசியாப் பக்கம். கோதுமையும் அங்கதான். இதெல்லாம் ஸ்பானியர் கப்பலில் ஏறி மெக்சிகோ போனது. அமெரிக்காவுக்குச் சொந்தமானது மிளகாயும் குடமிளகாயும் மட்டும். வெளிநாட்டுச் சாப்பாடுன்னு நாம சொல்றதில் பாதிக்கு மேல இந்தப் பக்கத்துச் சரக்கு. நம்ம ஊர் மீன் குழம்பில்தான் அமெரிக்கா இருக்கு.

31/ பழவேற்காடு போனா டச்சுக் கல்லறைத் தோட்டத்தைப் பாருங்க. தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கு. வாசலில் எலும்புக்கூடு சிற்பம், உள்ளே பெயரும் தேதியும் செதுக்கின கற்கள். அந்தத் துணியை நெய்தவங்களுக்கும், இந்தத் துறையிலிருந்து கப்பல் ஏற்றப்பட்டவங்களுக்கும் அங்க ஒரு கல்லும் இல்ல. வெளிய வந்து குப்பத்துல ஒரு வீட்டு அடுப்பில் மீன் குழம்பு கொதிக்கிற வாசனை வந்தா ஒரு நிமிஷம் நில்லுங்க. கோட்டை மண்மேடாயிடுச்சு. மிளகாய் இன்னும் கொதிக்குது.

32/ செஞ்சு பார்த்துட்டுச் சொல்லுங்க. அல்சர், நெஞ்செரிச்சல் இருக்கிறவங்க மிளகாய்த்தூளைக் குறைச்சுக்கோங்க. குடமிளகாயால உங்களுக்குத் தொந்தரவு வருதான்னு கொஞ்சமாச் சாப்பிட்டுப் பாருங்க. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க.